முட்டி ஏறாத ஒரு தடவை

கொக்கி அண்ணன் அடித்த கப்பல் ஓட்டை விழுந்து மெதுவாக மூழ்குவதில்லை. நீருக்குள் பாயும் டார்பிடோ அதன் வயிற்றுக்கு அடியில் போய் வெடிக்கும். கடல் வெள்ளைச் சுவராக எழும். கப்பலின் நடுப்பகுதி ஓர் ஆள் உயரத்துக்கு மேலே எகிறி, திரும்ப விழும்போது முதுகு முறியும். அந்தச் சத்தத்தை விளையாட்டைச் செய்தவர்கள் எங்கே போய்ப் பிடித்தார்களோ தெரியாது, பெரிய இரும்புக் கதவைக் கீலோடு பிய்த்தெடுக்கிற மாதிரி இருக்கும். இரண்டு துண்டும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். நடுவில் எண்ணெய் பற்றி எரியும். அந்தத் தீக்குள் சின்னச் சின்ன உருவங்கள் கையை ஆட்டும். வேறு யாராவது அடித்திருந்தால் அந்த நேரத்தில் கூச்சலும் சிரிப்புமாக இருக்கும். கொக்கி அண்ணன் பெரிஸ்கோப்பை இறக்கிவிட்டு அடுத்த கப்பலைத் தேடப் போய்விடுவார்.

எனக்கு இது நன்றாகத் தெரியும். என் கப்பலையே நாலு தடவை முறித்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பிக்கும் நீர்மூழ்கி விளையாட்டு அது. அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆடுவோம். நடத்துபவர், இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியன். பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு சரக்குக் கப்பல் ஓட்டுவோம். ஒருத்தர் மட்டும் நீர்மூழ்கி. எலக்ட்ரீஷியனின் சட்டம் ஒன்றுதான்: எந்தக் கப்பல் யாருடையது என்று யாருக்கும் தெரியக்கூடாது. கப்பலுக்கு எண் மட்டும் உண்டு. மூழ்கிய பிறகுதான் திரையில் பேர் வரும். ஜெயித்தவர் அடுத்த வாரமும் நீர்மூழ்கியில் உட்காரலாம். கொக்கி அண்ணன் உட்கார்ந்த பிறகு அந்த இடம் வேறு யாருக்கும் கிடைக்கவே இல்லை.

டார்பிடோ துப்பாக்கிக் குண்டு மாதிரி கிடையாது. விட்டால் போய்ச் சேர இரண்டு நிமிடம் ஆகும். அதுவரை நாங்கள் என்ன கையைக் கட்டிக்கொண்டா நிற்போம்? வளைந்து வளைந்து ஓடுவோம். கப்பல் இப்போது இருக்கிற இடத்தில் அடித்தால் வெறும் தண்ணீரில்தான் படும். இரண்டு நிமிடம் கழித்து அது எங்கே இருக்குமோ அங்கே அடிக்க வேண்டும். மற்றவர்கள் நாலு டார்பிடோவை விசிறி மாதிரி விரித்துவிட்டு, ஒன்றாவது படட்டும் என்று காத்திருப்பார்கள். கொக்கி அண்ணன் ஒன்றுதான் விடுவார். அதற்கு முன்னால் இருபது நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். ஒருவன் நாலு நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துத் திரும்புவான். ஒருவன் மூன்று முறை வலப்பக்கம் போனால் நாலாவது முறை கண்டிப்பாக இடப்பக்கம். பயம் வந்தால் ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பக்கம் உண்டு, அது அவனுக்கே தெரியாது. எனக்கு இடது பக்கம். அதை எனக்குச் சொன்னதே அவர் டார்பிடோதான்.

எங்களோடு அவர் பேசியதே இல்லை. மைக்கை அணைத்தே வைத்திருப்பார். நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொள்வதை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் யார், எதற்காக வந்து இப்படி எங்களைக் கொன்று குவிக்கிறார் என்பதெல்லாம் பிறகு அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. நான் அவரை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன்.

அந்த எலக்ட்ரீஷியன் வேலை செய்கிற தொழிற்சாலையில்தான் அண்ணனும் பதினோரு வருடம் வேலை பார்த்தார். கார் கதவுக்குத் தகடு அழுத்துகிற பிரஸ். இரண்டு பேர் வேலை. ஒருவர் தகட்டை அச்சில் வைத்துக் கையை எடுப்பார். எதிரில் நிற்பவர் காலால் பெடலை மிதிப்பார். மேலிருந்து இரும்பு இறங்கும். கை உள்ளே இருந்தால் இறங்காமல் நிறுத்த ஒரு தடுப்பு உண்டு. அது வேகத்தைக் குறைக்கிறது என்று கழற்றி மூலையில் சாத்திவிட்டார்கள். காதில் அடைப்பான் என்பதால் பேச்சும் கிடையாது.

அண்ணன் தகடு வைக்கிற ஆள். மிதிக்கிற ஆளுக்குப் பேரே பெடல். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பங்காளி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பெடலுக்கு ஒரு பழக்கம். மிதிப்பதற்கு முன் வலது முட்டி ஒரு சாண் மேலே ஏறும். ஏறி ஒரு நொடி நிற்கும். பிறகுதான் கால் இறங்கும். அண்ணன் கடிகாரத்தையோ இயந்திரத்தையோ பார்க்கமாட்டார். அந்த முட்டியைத்தான் பார்ப்பார். முட்டி ஏறினால் கை வெளியே வரும். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு கதவு. ஆயிரத்து இருநூறு தடவை முட்டி ஏறும், ஆயிரத்து இருநூறு தடவை கை வெளியே வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே காலுக்கு முட்டி ஏறவில்லை. இரும்பு இறங்கிவிட்டது.

இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. நடுவில் இருந்த மூன்றும், கதவில் கைப்பிடி வரவேண்டிய பள்ளத்துக்குள் தகட்டோடு தகடாக நசுங்கிப் போயிருந்தன. அச்சு மேலே ஏறும்போது கையும் கொஞ்சம் தூரம் அதோடு ஒட்டிக்கொண்டு ஏறியது. பிறகு தோல் கிழிந்து விடுபட்டது. அண்ணன் கத்தியது அடைத்து வைத்த காதுகளுக்குக் கேட்கவில்லை. பக்கத்து இயந்திரம் இன்னும் ஏழு கதவு அடித்த பிறகுதான் நின்றது.

விசாரணையில் அண்ணன் சொன்னது ஒரே ஒரு விஷயம். "அவன் முட்டி ஏறலைங்க."

பெடல் தரையைப் பார்த்துக்கொண்டு, "எப்பவும் போலத் தூக்கித்தான் மிதிச்சேன்," என்றான்.

எழுதிக்கொண்டிருந்த தொழிலாளர் அலுவலக அதிகாரி பேனாவை மூடினார். "முட்டி ஏறுச்சா, ஏறலையான்னு எழுத இந்தப் படிவத்துல கட்டம் இல்லப்பா."

'தொழிலாளி கவனக்குறைவாகக் கையை உள்ளே வைத்திருந்தார்' என்று எழுதினார்கள். சூப்பர்வைசர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். அண்ணன் வெளியே வந்து வாசலில் காத்திருந்தார். பெடல் வந்ததும் கட்டுப்போட்ட அதே கையால் அவன் வாயில் குத்தினார். பெடலுக்கு இரண்டு பல் போனது, அண்ணனுக்குப் பதினாறு தையலும் பிரிந்தது. இரண்டு பேர் ரத்தமும் கலந்து எந்தச் சட்டை யாருடையது என்று தெரியாமல் போயிற்று. நாலு பேர் பிடித்து இழுத்தபோதும் அண்ணன் அவன் வலது காலையே மிதித்துக்கொண்டிருந்தாராம்.

அதன் பிறகு ஆறு வருடம். அண்ணன் ஒரு குடோனில் வாயிற்காவல் வேலைக்குப் போனார். மிஞ்சின இரண்டு விரலைப் பார்த்து அவரே தனக்குக் கொக்கி என்று பேர் வைத்துக்கொண்டார். வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி.

"அதை எடுத்துப் பரண்ல போடுங்க," என்பார் அண்ணி.

"அது அவன் காலுக்கு வெச்சது."

"அவன் காலு எங்கயோ இருக்கு. தெனம் பெருக்கும்போது என் காலுதான் அதுல இடிக்குது."

ஒரு தடவை அந்தக் கம்பியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு பெடல் வீட்டுத் தெரு வரைக்கும் போயிருக்கிறார். பெடல் கதவைத் திறந்து வெளியே வந்தான். கம்பியைச் சாக்கிலிருந்து உருவியும் விட்டார். ஆனால் கால் நகரவில்லை. திரும்பி வந்து அண்ணியிடம் முதல்முறையாக அதைச் சொன்னார்.

"ஏறியிருக்குமோடி?"

"எது?"

"முட்டி. ஏறியிருந்து, நான்தான் பாக்காம விட்டுட்டேனோ?"

அண்ணிக்கு அப்போதுதான் புரிந்தது. ஆறு வருடமாக மனுஷன் பெடலைக் கொல்லத் துடித்ததெல்லாம் சரி. அதற்கு அடியில் கிடந்தது இந்த ஒரு கேள்விதான். கை போனது அவன் காலாலா, தன் கண்ணாலா? தெரியாமல் எப்படி அடிப்பது?

எலக்ட்ரீஷியன்தான் அண்ணனை விளையாட்டுக்குக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெழமை வாய்யா. பெடலும் வர்றான். கம்பியால அடிச்சா உள்ள போவ. டார்பிடோவால அடிச்சா யாரும் கேக்க மாட்டாங்க." பாதி விளையாட்டாகச் சொன்னார். அண்ணன் முழுசாக எடுத்துக்கொண்டார்.

வலது கை மவுஸில். இடது கையின் இரண்டு விரலுக்குப் பெரிஸ்கோப்பை ஏற்ற ஒன்று, இறக்க ஒன்று. டார்பிடோ விட விரல் மிச்சமில்லை. எலக்ட்ரீஷியன் மேஜைக்கு அடியில் தையல் மெஷினுக்கு இருக்கிற மாதிரி ஒரு கால் சுவிட்ச் பொருத்தினார்.

"பெடலா? வேற ஒண்ணுமே கெடைக்கலியாண்ணே உங்களுக்கு?" என்றார் அண்ணி.

"கால்தாம்மா முழுசா இருக்கு அவனுக்கு."

எலக்ட்ரீஷியன் அவரை வந்த அன்றே நீர்மூழ்கியில் உட்கார வைத்தார். முதல் மூன்று ஞாயிறு அண்ணன் கண்ணில் பட்டதையெல்லாம் அடித்தார். கப்பல் உடையும், பேர் வரும், பெடல் இல்லை, அடுத்தது. நாங்கள் எல்லோரும் வழியில் மாட்டிக்கொண்டு செத்தவர்கள்தான். நாலாவது ஞாயிறு எட்டாம் எண் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வலப்பக்கம் திரும்பப் போகிறது. திரும்புவதற்கு முன் இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்தது. சாய்ந்து ஒரு நொடி நின்றது. பிறகுதான் வலப்பக்கம் வெட்டியது. அடுத்த தடவையும் அதே. அதற்கடுத்த தடவையும் அதே.

அண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். ஆயிரத்து இருநூறு தடவை, பதினோரு வருடம். "முட்டி," என்றார்.

இடப்பக்கம் சாய்ந்த நொடியிலேயே, வலப்பக்கம் அது போகப்போகிற இடத்துக்கு டார்பிடோவை விட்டார். எட்டாம் எண் தானாக வந்து அதன்மேல் ஏறியது. வெடி மருந்து ஏற்றிய கப்பல். முறியக்கூட இல்லை, அப்படியே இல்லாமல் போயிற்று. புகை கலைந்ததும் திரையில் பேர் வந்தது: பெடல். அண்ணன் சிரித்த சிரிப்பில் சமையலறையில் இருந்த அண்ணி கரண்டியோடு ஓடி வந்தார்.

அதன் பிறகு ஐந்து ஞாயிறு. ஒவ்வொரு தடவையும் முதலில் சாவது பெடல்தான். வேகமான கப்பலில் வந்தான், ஓரமாக ஒளிந்து வந்தான், எங்கள் நடுவில் நுழைந்து வந்தான். எங்கே வந்தாலும் சாய்வான், நிற்பான், சாவான். ஒரு தடவை பாதிக் கப்பல் மிதந்துகொண்டிருந்தபோது அண்ணன் நீர்மூழ்கியை மேலே கொண்டுவந்து, உயிர்ப்படகுகளில் ஏறியவர்களைத் துப்பாக்கியால் வரிசையாகச் சுட்டார். படகுகள் தோலுரிந்த மாதிரி கிழிந்து கவிழ்ந்தன.

"அது வேணாம்யா," என்றார் எலக்ட்ரீஷியன். அண்ணன் குண்டு தீரும்வரை நிறுத்தவில்லை.

பெடலுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. "எவன்டா இந்தக் கொக்கி? கடல்ல வேற கப்பலே இல்லியா? எலக்ட்ரீஷியன், என் நம்பர நீதான் அவனுக்குச் சொல்ற."

"நான் ஏன்டா சொல்லணும்? நீ போற போக்கே சொல்லுது."

"எப்படிப் போறேன்?"

"செத்தவன் கேக்கக்கூடாது. அடுத்த வாரம் வா."

பெடலும் விடாமல் வந்தான். அந்த ஞாயிறு அவன் நாலாம் எண்; ஒரு தடவை சாய்ந்ததிலேயே அண்ணன் கண்டுகொண்டார். அண்ணன் இரண்டரை மணி நேரமாக நாற்காலியை விட்டு எழவில்லை. கையில் மூன்று டார்பிடோ. அவருடைய கால் அந்தச் சுவிட்ச்சின் மேல் தயாராக இருந்தது. நாலாம் எண் அடுத்த திருப்பத்துக்கு இன்னும் சாயவில்லை. சாயட்டும் என்று அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அண்ணி பின்னால் வந்து தோளில் கை வைத்தார். "சோறு ஆறுது."

டார்பிடோ போய்விட்டது.

அண்ணன் திரையைப் பார்த்தார். வெள்ளைக் கோடு கப்பலுக்கு வெகுதூரம் முன்னால் வெறும் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"நான் மிதிக்கல."

"சரி, மிதிக்கல. வாங்க."

"இன்னொரு தடவ கைய வை."

"எங்க?"

"தோள்லதான். சொல்லாம வை."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. அறையை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டிலில் கிடந்த துணியை மடிப்பது போல மடித்து, அவர் கண் திரையில் பதிந்த நேரம் பார்த்துச் சட்டென்று கையை வைத்தார். இரண்டாவது டார்பிடோவும் போயிற்று.

"முட்டி ஏறுச்சா?"

"உங்க முட்டிய யாரு பாத்தா? டார்பிடோ போறதுதான் தெரியுது."

"ஏறல. ஏறவே இல்ல. நேரா எறங்கிருச்சு." மனுஷனுக்கு மூச்சு வாங்கியது. தோளில் இருந்த அண்ணியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். மறு கையால் மைக்கைத் திறந்தார்.

இதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் எல்லோரும் கேட்டோம். கேட்டவர்களில் ஒருத்தனுக்கும் இன்றுவரை அது காதைவிட்டுப் போகவில்லை. பத்து வாரமாக ஊமையாக இருந்த கொக்கியின் இடத்திலிருந்து ஒரு கரகரத்த குரல் வந்தது.

"பங்காளி. அன்னைக்கு உன் தோள்ல கை வெச்சது யாரு?"

நாலாம் எண் கப்பலின் புகைபோக்கியில் புகை நின்றது. பெடல் இயந்திரத்தை நிறுத்திவிட்டான்.

"பங்காளியா?" என்றான்.

"கை வெச்சது யாருடா?"

"சூப்பர்வைசர்." என்றான் பெடல். "பின்னாடி வந்து தோள்ல ஓங்கித் தட்டினான். சீக்கிரம் ஆகட்டும்னு. எனக்குத் தெரியாமலே..."

"முட்டி ஏறுச்சா?"

"ஏறல."

மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. அழுகிறாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"சொன்னா வேலை போயிரும்னு மெரட்டினான். சரி, உன்கிட்டயாவது சொல்லிருவோம்னுதான் வாசலுக்கு வந்தேன். நீ பல்ல ஒடைச்சுட்ட. அந்தக் கோவத்துல ரெண்டு வருஷம் போச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்றது?"

"பல்லு கட்டினியா?"

"ஒண்ணுதான் கட்டினேன்."

நாலாம் எண் பக்கவாட்டில் முழுசாகக் காட்டிக்கொண்டு, அசையாமல் நின்றது.

"நிக்கிறேன் பங்காளி. அடி," என்றான் பெடல்.

"நின்ன கப்பலை எவன்டா அடிப்பான்? நாளைக்குப் பத்து மணிக்கு அந்த ஆபீஸ் வாசல்ல இருப்பேன். முட்டி ஏறலைன்னு நீ சொல்லணும். தோள்ல கை வெச்சது யாருன்னும் சொல்லணும்."

"வேலை போயிரும்."

"எனக்கு என்ன போச்சுன்னு தெரியும்ல?"

பெடல், "வர்றேன்," என்றான்.

"இப்ப ஓட்டு."

"எதுக்கு?"

"ஓட்டுடா. ஓடினாத்தான் அடிப்பேன்."

புகைபோக்கியில் புகை வந்தது. நாலாம் எண் நகர்ந்து வேகம் பிடித்தது. நாங்கள் பதினொரு பேரும் கப்பலை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெடல் இந்தத் தடவை சும்மா சாகவில்லை, உயிரைக் கொடுத்து ஓடினான். வளைந்தான், மெதுவாக்கினான், முறுக்கினான். அண்ணன் கடைசி டார்பிடோவை வைத்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் அவன் பின்னாலேயே போனார். நாலாம் எண் இடப்பக்கம் ஒரு நூல் சாய்ந்தது. ஒரு நொடி நின்றது.

அண்ணனின் கால் இறங்கியது. இரண்டு நிமிடம் கழித்துக் கடல் எழுந்தது. முதுகு முறிந்த சத்தத்தில் என் ஹெட்போன் அதிர்ந்தது. முன்பாதி புரண்டது, பின்பாதியில் எண்ணெய் பற்றிக்கொண்டு வானம் வரை எரிந்தது.

"பட்டுச்சு," என்றான் பெடல்.

"தெரியும்," என்றார் அண்ணன்.

மறுநாள் பெடல் ஒன்பதரைக்கே வந்து வாசலில் நின்றிருக்கிறான். அதே அதிகாரி. அதே படிவம். கட்டம் இன்னும் இல்லை. பெடல் சொல்லச் சொல்ல, படிவத்தின் ஓரத்தில் இடுக்கி இடுக்கி எழுதினார்: மிதித்தவரின் தோளில் மேற்பார்வையாளர் தட்டினார், முட்டி ஏறவில்லை. கீழே பெடல் கையெழுத்துப் போட்டான். அண்ணன் அந்தக் காகிதத்தின் நகலை இரண்டு விரலில் இடுக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தே வந்தாராம்.

போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கம்பி இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதை அண்ணி பார்த்துவிட்டார்.

"அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. இன்னும் யாரு காலுக்கு இத வெச்சிருக்கீங்க?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார்.

"காலுக்கில்ல," என்றார் அண்ணன். "தோள்ல தட்டின கைக்கு."